பிறப்புக் குறிப்பும் வாழ்வுக் குறிப்பும்: ஆக்கமொழிகளை வகைப்படுத்துவது எப்படி?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. 1951இல் தொடங்கிய அந்தச் சங்கத்தில் விரல் நுனிகள் பிரெய்ல் படிக்கின்றன. அதே வட்டாரத்து ஒய்.எம்.சி.ஏ. காது கேளாதோருக்காகப் பல பத்தாண்டுகளாகப் பணியாற்றி வருகிறது. அங்கே கூடுவோர் கைகளில் புழங்குவது பஹாசா இஷாரத் மலேசியா, சுருக்கமாக பிம். அவர்களில் பலருக்கு வகுப்பறை சொல்லிக்கொடுத்ததோ வேறொன்று: கல்வி அமைச்சு உருவாக்கிய கோட் தாங்கான் பஹாசா மலாயு என்னும் கைக்குறி முறை. சுற்றிலும் உள்ள அரசாங்க அறிவிப்புகள் 1972இல் குழு கூடிச் சீரமைத்த எழுத்துக்கூட்டலில் நிற்கின்றன. 2015இல் ‘பாகுபலி’ ஓடியபோது கிள்ளான் பள்ளத்தாக்கின் ரசிகர்கள் திரையில் கேட்ட, காலகேயர் என்னும் வில்லன் கூட்டத்தின் கிளிக்கி மொழியோ முழுக்க முழுக்க ஒருவர் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கியது. இந்த ஐந்திலும் மனிதர் திட்டமிட்டுக் கைவைத்த இடம் ஏதோ ஒன்று உண்டு. ஆனாலும் ஐந்தையும் ‘செயற்கை மொழி’ என்ற ஒரே பெயரில் அடைக்க யாருக்கும் மனம் வராது. ஆக்கமொழிகளுக்கு ஒரு வகைப்பாடு வேண்டுமென்றால், இவை ஏன் ஒன்றல்ல என்று அது சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இதுவரை வந்த வகைப்பாடுகளில் எதற்கும் அது முழுதாகக் கைவரவில்லை. தவறு வகைகளின் எண்ணிக்கையில் இல்லை. ஒரு மொழி எப்படி உண்டானது, பின்னால் எப்படி வாழ்ந்தது என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே கேள்வியாக எண்ணியதில்தான் இருக்கிறது.

பழமையானதும் இன்றுவரை பாடநூல்களில் நிலைத்திருப்பதும் பிரெஞ்சு அறிஞர்கள் லூயி கூதுராவும் லெயோபோல் லேயோவும் 1903இல் வெளியிட்ட உலகமொழி வரலாற்றில் உள்ள பாகுபாடு. சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதே அதன் ஒரே அளவுகோல். எந்த மொழியையும் சாராமல் தருக்கத்தாலோ பொருட்பட்டியலாலோ கட்டப்பட்டவை முதல் வகை. ஜான் வில்கின்ஸ் 1668இல் வெளியிட்ட தத்துவமொழி இதில் சேரும். இருக்கிற மொழிகளிலிருந்து எடுத்துத் தொகுத்தவை இன்னொரு வகை. சாமென்ஹோஃபின் எஸ்பெராண்டோ (1887) அப்படிப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் கலப்பு வகை. ஷ்லையரின் வோலாப்யூக் (1879) ஆங்கிலச் சொற்களை எடுத்து அடையாளம் தெரியாதபடி தேய்த்தது என்பதால் அந்த நடுவிடத்துக்குப் போனது. கூதுரா பின்னர் 1907இல் எஸ்பெராண்டோவைத் திருத்திய இடோ மொழியின் தலைமைப் பரப்புரையாளர் ஆனார் என்பதையும் மறக்கக் கூடாது. அவருடைய வரிசை தத்துவமொழிகளில் தொடங்கி, இயல்மொழிகளிலிருந்து எடுத்துக் கட்டியவற்றில் முடிகிறது. வகைப்படுத்தியவரே போட்டியிலும் இறங்கியவர்.

அந்த அளவுகோலைக் கிளிக்கியின் மேல் வைத்துப் பார்த்தால் அதன் போதாமை தெரிந்துவிடும். மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கிக்கு ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் உண்டென்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அதில் ‘மின்’ என்றால் நான், ‘நிம்’ என்றால் நீ. எதிர்ப்பொருள் வேண்டுமிடத்தில் ஒலிகளைத் திருப்பிப் போட்டுவிடுவது அதன் உத்திகளில் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ்வா சூத்ர் ஏழு இசைச்சுரங்களை மட்டும் வைத்துக் கட்டிய சொல்ரெசொலிலும் இதே உத்தி இருக்கிறது. அங்கே ‘மிசொல்’ நன்மை, ‘சொல்மி’ தீமை. மூலம் ஒன்றை மட்டும் பார்க்கிற பாகுபாட்டில் இவ்விரண்டும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். ஒன்று மனித குலம் முழுவதையும் இசையால் இணைக்க நினைத்தது. மற்றொன்று ஒரு வில்லன் கூட்டத்துக்குப் பயங்கரமான குரல் கொடுக்கப் பிறந்தது. பிலிப்பைன்ஸின் பொஹோல் தீவில் வழங்கும் எஸ்காயன் இன்னும் சிக்கலானது. அதன் வாக்கிய அமைப்பு சுற்றியுள்ள செபுவானோ மொழியையே ஒட்டிச் செல்ல, சொற்களோ பெரும்பாலும் எங்கிருந்தும் வராத புதுப்படைப்பு. இலக்கணத்தை வைத்துப் பார்த்தால் ஓர் அறை, சொல்லை வைத்துப் பார்த்தால் வேறோர் அறை. கூதுரா–லேயோவின் ஒற்றை அளவுகோல் உண்மையில் இரண்டு அளவுகோல்களின் கலவை என்பது இங்கே வெளிப்பட்டுவிடுகிறது.

இதைக் கண்டவர்கள் நோக்கத்தின் பக்கம் திரும்பினார்கள். உலகப் பொதுமொழியாக எண்ணப்பட்டவை, கலைக்காகப் பிறந்தவை, ஒரு கருதுகோளைச் சோதிக்கப் பிறந்தவை என்று மூன்று முனைகள் வைத்து, ஒவ்வொரு மொழியையும் அந்த முக்கோணத்துக்குள் ஓரிடத்தில் குறிப்பது இன்று ஆக்கமொழி ஆர்வலரிடையே பரவலான வழக்கம். டோல்கீனின் மொழிகள் ஒரு முனைக்கும், மொழி சிந்தனையை மாற்றுமா என்று பார்க்க 1955இல் ஜேம்ஸ் குக் பிரவுன் தொடங்கிய லோக்லான் வேறொரு முனைக்கும் போகும். பார்க்க அழகான படம்தான். ஆனால் நோக்கம் ஓரிடத்தில் நிற்பதில்லை. சார்ல்ஸ் பிளிஸ் 1949இல் வெளியிட்ட படக்குறி முறை நாடுகளிடையே பகை தீர்க்கப் பிறந்தது. அதற்கு நாடுகள் செவிசாய்க்கவில்லை. 1971இல் டொரொண்டோவில் பெருமூளை வாதத்தால் பேச முடியாத குழந்தைகளுக்கு அது கிடைத்தது; அதன் உண்மையான வாழ்வு அங்கேதான் தொடங்கியது. எஸ்பெராண்டோவுக்குள்ளேயே 1980இல் ஃபின்லாந்தின் ரௌமா நகரில் ஓர் அறிக்கை எழுந்தது. உலகத்தின் இரண்டாம் மொழியாக எஸ்பெராண்டோ வெல்லப் போவதற்காகக் காத்திருக்க வேண்டாம், நாடற்ற ஒரு பண்பாட்டுச் சமூகத்தின் மொழியாக அதைக் கொள்வோம் என்றது அந்த அறிக்கை. கிளிக்கிக்கும் இதுவே நடந்தது. 2020இல் உலகத் தாய்மொழி நாளன்று அது தனி இணையதளமும் எழுத்தும் கொண்டு, யாரும் கற்கலாம் என்ற அழைப்போடு வந்தது. வில்லன் மொழி என்று முத்திரை குத்தி வைத்தவர் அன்றைக்கே தம் வகைப்பாட்டு அட்டையைத் திருத்த வேண்டியிருந்திருக்கும்.

மூன்றாவது வழி ஜெர்மானிய ஆய்வாளர் டெட்லெஃப் பிளாங்கெ 1985இல் முன்வைத்தது. எழுதிவைக்கப்பட்ட வெறும் திட்டம், ஓரளவு புழங்கிய அரைமொழி, உண்மையில் ஒரு சமூகம் பேசும் திட்டமொழி என்று வளர்ச்சிப் படிகளால் பிரித்தார் அவர். முன்னிரண்டைவிட இதில் நேர்மை அதிகம். ஆக்கியவரின் கனவை ஓரம் வைத்துவிட்டுப் பேசுவோரைத் தேடுகிறது. ஆனால் ஒரு மொழி பேசப்படுகிறதா என்பதை மட்டும் வைத்து அது எத்தகைய மொழி என்று சொல்ல முடியாது. வோலாப்யூக் 1880களில் பரவலாகப் புழங்கியது. அடுத்த பத்தாண்டில் சரிந்தது. மொழி பெரும்பாலும் அப்படியே இருக்க, அதன் வகை மட்டும் மாறிவிட்டது என்பதா?

நூலகங்கள் இந்தச் சிக்கலுக்குள் நுழையாமல் தப்பித்துக்கொண்டன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பகுப்பில் செயற்கை மொழிகள் அமெரிக்கப் பழங்குடி மொழிகளோடு ஒரே பிரிவில் அடைக்கப்பட்டுள்ளன. டூயியின் பகுப்பிலோ மலேசிய வாசகருக்குச் சிரிப்பு வரவழைக்கும் ஓர் அண்டைவீடு அமைந்திருக்கிறது: மலாய்க்கு 499.28, எஸ்பெராண்டோவுக்கு 499.992. மிச்சமிருக்கும் மொழிகளுக்கெல்லாம் 490களின் கடைசி எண் ஒதுக்கப்பட்டதால் நேர்ந்த அயலுறவு இது; தமிழ் 494.811 என்று சற்றுத் தள்ளி நிற்கிறது. மொழிக் குறியீடுகளுக்கான ஐஎஸ்ஓ 639 தரம் ‘ஆக்கப்பட்டது’ என்று ஒரே ஒரு பெட்டியை வைத்து எஸ்பெராண்டோ, இடோ, கிளிங்கான் எல்லாவற்றையும் அதில் போடுகிறது. அதே தரம் மலேசியாவின் கைமொழிகளில் மலேசியம், பினாங்கு, சிலாங்கூர் என மூன்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் அளவுக்கு நுணுக்கமானது. இயல்மொழியில் இவ்வளவு கூர்மை. ஆக்கமொழி என்றதும் ஒரே மூட்டை.

இதற்கு வழி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று பிரித்தது மூலம் என்ற அளவுகோலால். நன்னூல் தகுதி வழக்கில் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று பிரித்தது ஏன், யாருக்காக என்ற அளவுகோலால். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி. அந்தச் சொல் இயற்சொல்லா திரிசொல்லா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே மரத்தின் கிளைகளாக யாரும் வரையவில்லை. இந்தப் பழக்கத்தை நூற்பகுப்பில் முறையாக்கியவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். ஒரு நூலுக்கு முன்பே வரையப்பட்ட மரத்தில் ஒரு கிளையைத் தேடாதே. அதன் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முகத்துக்கும் தனிக் குறி கொடுத்து, பிறகு ஒரு வரிசையில் கோத்துவிடு என்பது அவர் கொள்கை. லண்டன் கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தபோது அந்த எண்ணம் பிறந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆக்கமொழிகளுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடைப்பது அரிது. ஏனென்றால் ஆக்கமொழி என்பதே பாகங்களைக் கோத்த பொருள்.

முகங்கள் எவை? ஐந்து போதுமென்று தோன்றுகிறது. ஆக்கியவர் யார்: தனியொருவரா, குழுவா, அரசா. எந்த அடுக்கில் கைவைத்தார்: எழுத்திலா, சொல்லிலா, இலக்கணத்திலா, எல்லாவற்றிலுமா; வாயா, கையா, கண்ணா என்ற ஊடகமும் இதில் அடங்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் மூலம் எது. எதற்காக. யார், எப்போது பயன்படுத்தினார்கள். இவற்றில் முதல் மூன்றும் பிறப்புக் குறிப்புகள். ஒருமுறை நிகழ்ந்து முடிந்தவை, மாறாதவை. பின்னிரண்டும் வாழ்வுக் குறிப்புகள். ஆண்டு போட்டுத்தான் எழுத வேண்டும், புதிது புதிதாகச் சேர்ந்துகொண்டே போகும். வகையின் பெயரைப் பிறப்புக் குறிப்பிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். பிளிஸ் முறைக்கு ‘தனியொருவர், படக்குறி, முழுமையான புதுப்படைப்பு’ என்பது என்றும் மாறாது. அதன் கீழே 1949 உலக அமைதி, 1971 பேச்சிழந்த குழந்தைகள் என்று இரண்டு வரிகள். அட்டையைக் கிழித்து மறுபடி எழுத வேண்டியதில்லை.

பிரிக்பீல்ட்ஸின் கைமொழிகள் இந்த முறைக்கு நல்ல சோதனை. கோட் தாங்கான் பஹாசா மலாயு, காது கேளாத குழந்தைகளுக்கு மலாய் கற்பிக்க 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் அமைச்சின் முயற்சியால் வடிவம் பெற்றது. கைக்குறிகளில் பெரும்பகுதி அமெரிக்கக் கைமொழியிலிருந்து வந்தது. சொல்வரிசை மலாயின் சொல்வரிசை. மலாயில் ‘ஆஜார்’ என்ற வேரிலிருந்து ‘மெங்ஙாஜார்’ (கற்பித்தல்), ‘பெலாஜார்’ (கற்றல்), ‘பெலாஜாரான்’ (பாடம்) என்று ஒட்டுகளால் சொற்கள் பிறக்கின்றன அல்லவா, அந்த ஒட்டுகளுக்கெல்லாம் தனித்தனிக் கைக்குறி இங்கே உண்டு. இயல்பாக வளர்ந்த கைமொழி எதுவும் இப்படிச் செய்வதில்லை. அது வெளியையும் முகபாவத்தையும் அசைவின் திசையையும் இலக்கணமாக்கிக்கொள்ளும். பிம் அப்படித்தான் செய்கிறது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குப் பின் மலேசியக் காது கேளாதோரின் மொழியாக ஏற்பு பெற்றதும் அதுவே. ஆனால் பிம்மின் சொற்களிலும் அமெரிக்கக் கைமொழியின் பங்கு கணிசமானது. மூலத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே பெட்டி. பேசுவோரைப் பார்த்தால் பெரும்பாலும் அதே ஆட்கள். நோக்கம் என்று பார்த்தாலும் இரண்டுமே காது கேளாதோருக்கானவை. எந்த அடுக்கில் யார் கைவைத்தார் என்று கேட்டால்தான் வேறுபாடு பிடிபடுகிறது. ஒன்றில் இலக்கணம் அமைச்சுக் குழுவின் முடிவு. மற்றொன்றில் இலக்கணத்துக்கு ஆசிரியரே இல்லை. பிரெய்லைக் கேட்க வேண்டியதே இல்லை. கைவைத்தது எழுத்தில் மட்டும். அது மொழியல்ல, மொழிக்கான எழுத்து. நம் குழந்தைகள் ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் ‘க’ சேர்த்துப் பேசும் ‘க’ பாஷையும் இப்படியே. ஒலியில் போட்ட ஒரு முகமூடி, உள்ளே இருப்பது தமிழ். கிள்ளான் சந்தையில் எல்லா இனத்தாரும் பேசும் பாசார் மலாய்க்கு இந்தப் பட்டியலில் இடமே கிடையாது. அது எளிமையானதுதான், ஆனால் யாரும் திட்டமிட்டு எளிமையாக்கவில்லை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். இந்த அளவுகோலின்படி தேசியமொழியும் ஆக்கமொழி ஆகிவிடாதா? 1956இல் ஜொகூர் பாருவில் தொடங்கி அடுத்த ஆண்டே கோலாலம்பூருக்கு வந்த டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா, கலைச்சொற்களை ஆயிரக்கணக்கில் குழு வைத்து ஆக்கியது. தமிழ்ப் பிள்ளைகள் போகும் மழலையர் பள்ளியின் பெயரான ‘தாடிக்கா’வும் மூன்று சொற்களின் முதலெழுத்துகளை ஒட்டவைத்து உண்டாக்கிய சொல். 1972 ஆகஸ்ட் 16இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒரே நாளில் பொது எழுத்துக்கூட்டலுக்கு மாறின. 1988 முதல் 2000 வரை பள்ளிகளிலும் ஒலிபரப்பிலும் ‘செபுத்தான் பாக்கு’ என்ற திட்ட உச்சரிப்பே வலியுறுத்தப்பட்டு, பின் கைவிடப்பட்டது. எழுத்து, சொல், ஒலி என மூன்று அடுக்கிலும் அரசின் கை பட்டிருக்கிறது. மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கத்துக்குப் பின் எழுந்த நம் எழுத்துத் தமிழையும் இதே கேள்வி விடாது. இரண்டு சொல்லால் தட்டிக்கழிக்கக் கூடிய மறுப்பல்ல இது.

புரிதலை வைத்து எல்லை போடலாம் என்பது முதலில் தோன்றும் பதில். மூலமொழி மட்டும் தெரிந்தவருக்குப் புதியதைக் கற்காமல் புரிகிறதா? மலாய் தெரிந்தவருக்குத் திட்டமிட்ட மலாய் புரியும். எந்த மொழி தெரிந்தவருக்கும் கிளிக்கி புரியாது. ஆனால் 1951இல் வெளிவந்த இன்டர்லிங்குவா இந்த எல்லையை உடைத்துவிடுகிறது. இத்தாலியரோ ஸ்பானியரோ அதைக் கற்காமலே பெரும்பாலும் படித்துவிடுவார். அப்படி ஆக வேண்டுமென்றே அது கட்டப்பட்டது. ஆகவே கேட்டுப் புரிவதை விட்டுவிட்டு, பேசுவதைப் பற்றிக் கேட்பதே சரி: திட்டமே நடந்திராவிட்டால் இதைப் பேசுவோர் இருந்திருப்பார்களா? டேவான் பஹாசா இல்லாமலும் கிளந்தான்காரர் மலாய் பேசியிருப்பார். சொல் சில வேறாக இருந்திருக்கும். தனித்தமிழ் இயக்கம் தோன்றியிராவிட்டாலும் தமிழ் தமிழாகவே இருந்திருக்கும். பிம்முக்கு முன்னோடியாக 1960களில் கோலாலம்பூரின் காது கேளாத பிள்ளைகள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்ட குறிகளை எந்த அமைச்சும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அகராதி இல்லாமல் இன்டர்லிங்குவாவை ஒருவரும் பேசியிருக்க முடியாது. குழு கூடியிராவிட்டால் மலாயின் ஒட்டுகளுக்குக் கையசைத்துக் காட்டுபவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். இந்தச் சோதனையில், திட்டமின்றியும் பேசப்பட்டிருக்கும் என்று தெரிபவை திட்டமிட்ட தரமொழிகள் என்று வேறு அலமாரிக்குப் போகலாம். ஆனால் அவற்றுக்கும் அதே ஐந்து முகக் குறிப்பை எழுதிவைப்பதில் இழப்பில்லை. மலாய்க்கும் எஸ்பெராண்டோவுக்கும் உள்ள தூரத்தை அளக்க அது உதவும், 499 என்ற எண் உதவாத அளவுக்கு. நவீன ஹீப்ரு மட்டும் எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. எழுத்தில் வாழ்ந்த மொழியைப் பேச்சுக்குக் கொண்டுவந்தது திட்டம்தான். என்றாலும் மொழியைத் திட்டம் படைக்கவில்லை என்பதால் அதை இந்தப் பக்கம் இழுக்க நியாயமில்லை.

முகப்பகுப்பைப் பற்றிய வழக்கமான குறை, அது புத்தகத்தை எந்த அலமாரியில் வைப்பது என்று சொல்லாமல் நீண்ட குறியை நீட்டுகிறது என்பது. முகங்களை எந்த வரிசையில் கோப்பது என்று முதலிலேயே முடிவு செய்தால் இந்தக் குறை தீரும். அடுக்கு முதலில், மூலம் அடுத்து, ஆக்கியவர் மூன்றாவதாக. அலமாரிக்கு முதலிரண்டே போதும். சொல்ரெசொலும் கிளிக்கியும் அப்போதும் பக்கத்தில்தான் நிற்கும். ஆனால் இம்முறை அது தவறான அயலுறவு ஆகாது, கட்டுமானத்தில் அவை உண்மையிலேயே உறவினர். நோக்கத்தில் வேறு என்பதை அடுத்த வரி சொல்லும்.

இன்னொரு குறை கூர்மையானது: பிறப்புக் குறிப்பை எழுதித் தருவது யார்? எஸ்காயன் சமூகத்தின் மரபு, பினாய் என்ற மூதாதை மனித உடலைப் பார்த்து அந்த மொழியை ஆக்கினார் என்கிறது. மொழியாய்வாளர் பீர்ஸ் கெல்லியின் ஆய்வோ அதை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மரியானோ டாட்டாஹான் என்ற தலைவரோடு பொருத்துகிறது. ஆக்கியவர் முகத்தில் இரண்டையும் எழுதலாம், எது மரபு எது ஆய்வு என்று பிரித்து. ஆனால் அடுக்கும் மூலமும் யார் சொல்வதையும் சார்ந்தவை அல்ல. வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தால் செபுவானோவின் சாயல் தானே தெரியும். முதலிரண்டு இடத்தை அவற்றுக்குக் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தீராத வழக்கு ஒன்று கோலாலம்பூரிலேயே மீதமிருக்கிறது. பள்ளியில் கோட் தாங்கான் கற்ற மாணவர், விடுதியிலும் சங்கத்திலும் பிம்மில் பேசுகிறார். வகுப்பறைக்கென்று குழு அமைத்த குறிகள் அவர் கையோடு வெளியே வந்து, ஒட்டுகளை உதறிவிட்டு, பிம்மின் சொற்களாகிவிடுகின்றன. ஒருவர் உண்டாக்கிய சொல் இயல்மொழிக்குள் இப்படிக் குடியேறிய பின் அதை எந்த மொழியின் கணக்கில் எழுதுவது? முகப்பகுப்பு இதற்கு அரைப் பதில்தான் தரும். கோட் தாங்கானின் வாழ்வுக் குறிப்பில் ஆண்டோடு ஒரு வரி சேரும். பிம்மின் சொல் அடுக்கில், மூலம் என்ற முகத்தின் கீழ் அமெரிக்கக் கைமொழிக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் சேரும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதை வகைப்பாட்டாளர் சொல்ல முடியாது. பிம் பேசுவோரோடு உட்கார்ந்து, குறி குறியாகக் கேட்டு எழுதினால்தான் தெரியும்.